செக்கில் '/-', 'மட்டும்', கோடு, சுழி: எது பூட்டு, எது அலங்காரம்?

உங்கள் கேள்வி இது. மாமனார் செக் எழுதும்போது தொகைக்குப் பின்னால் '/-' போடுகிறார். எழுத்தில் எழுதி முடித்ததும் 'மட்டும்' போட்டு, மீதி இடத்தில் பாம்பு மாதிரி கோடு இழுக்கிறார். 7-க்கு நடுவில் ஒரு குறுக்குக்கோடு, தாளின் உச்சியில் பிள்ளையார் சுழி, தேதிக்கு நல்ல நாள். எல்லாம் தமிழில்தான். போன வாரம் ஒரு செக் திரும்பிவிட்டது: எண்ணில் 10,900, எழுத்தில் 'பத்தாயிரத்துத் தொண்ணூறு'. இவற்றில் எதை விடச் சொல்லலாம் என்று கேட்கிறீர்கள்.

பாதியை விடவே கூடாது. அவை பழக்கம்போலத் தெரியும் பூட்டுகள். மீதியில் சில தீங்கில்லாதவை, சில இப்போது கெடுதல் செய்பவை. ஒவ்வொன்றையும் இரண்டு கேள்விகளால் தட்டிப் பார்க்கலாம். இன்னொருவர் பேனா வைக்கக்கூடிய இடத்தை இது அடைக்கிறதா? ஸ்கேனருக்குத் தெரியவேண்டியதை இது மறைக்கிறதா?

இரண்டாவது கேள்வி பெரியவர்கள் செக் எழுதப் பழகிய காலத்தில் கிடையாது. அன்று செக் தாளே பணம் கொடுக்கும் வங்கிவரை போகும். அங்கே ஒருவர் அதை விளக்கில் பிடித்துப் பார்ப்பார், சந்தேகம் வந்தால் விரலால் தடவிப் பார்ப்பார். சிடிஎஸ் (செக் ட்ரங்கேஷன் சிஸ்டம்) முறை டெல்லியில் 2008-லும் சென்னையில் 2011 செப்டம்பரிலும் வந்தபின், தாள் போட்ட வங்கியிலேயே நின்றுவிடுகிறது. படம் மட்டும் போகிறது. முன்பக்கத்துக்கு அங்குலத்துக்கு 100 புள்ளி அளவில் ஒரு சாம்பல்நிறப் படம், 200 புள்ளியில் ஒரு கருப்பு வெள்ளைப் படம், பின்பக்கத்துக்கு ஒரு கருப்பு வெள்ளைப் படம். உங்கள் வங்கி பார்ப்பது இவற்றைத்தான். 2025 அக்டோபர் 4 முதல் அவகாசமும் குறைந்துவிட்டது: பகல் முழுக்கப் படங்கள் வரவர அனுப்பப்படுகின்றன, இரவு 7-க்குள் பாஸா ரிட்டர்னா என்று பணம் கொடுக்கும் வங்கி சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் பாஸ் என்றே கொள்ளப்படும். கிளை மேனேஜர் போன் போட்டு "சார், இது தொள்ளாயிரமா தொண்ணூறா?" என்று கேட்டுத் திருத்திக்கொள்வதை இனி எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் எண் கட்டம். '/-' எங்கிருந்து வந்தது என்றால், ஆங்கிலேயர் ஷில்லிங், பென்ஸ் எழுதிய விதம் அது. '5/-' என்றால் ஐந்து ஷில்லிங், பென்ஸ் ஒன்றுமில்லை. இங்கே ரூபாய்-அணா-பைசா இருந்த நாளில் ரூபாய்க்குப் பின்னால் அணாவுக்கும் பைசாவுக்கும் இடம் உண்டு. அந்த இடம் காலி என்று சொல்லும் குறி இது. 1957 ஏப்ரல் 1-ல் தசம நாணயம் வந்து அணா போய்விட்டது, குறி மட்டும் தங்கிவிட்டது. இலங்கையில் இதே வேலையை '/=' செய்கிறது. சட்டம் இரண்டையும் கேட்பதில்லை. ஆனாலும் இதை விடச் சொல்லாதீர்கள், 5,000-க்குப் பின்னால் இன்னொரு பூஜ்யம் ஏறாமல் தடுப்பது இதுதான். இதற்குப் பதிலாக '.00' போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது மோசம். மெல்லிய பேனாவில் வைத்த புள்ளி படத்தில் காணாமல் போனால் 5000.00 ஐந்து லட்சம்போல நிற்கும். எழுத்து காப்பாற்றிவிடும் என்றாலும் செக் திரும்பலாம்.

'/-' காப்பது வலதுபக்கத்தை. நிஜமான ஆபத்து இடதுபக்கம். நம் காற்புள்ளி முறையைக் கவனியுங்கள்: கடைசி மூன்று எண்ணுக்கு ஒன்று, பிறகு இரண்டிரண்டுக்கு ஒன்று. 50,000-க்குப் பின்னால் யாராவது ஒரு பூஜ்யம் சேர்த்தால் 50,0000 என்று காற்புள்ளியே காட்டிக்கொடுக்கும். முன்னால் சேர்த்தால் ஒன்றும் காட்டிக்கொடுக்காது. 5,000-க்கு முன்னால் 2 வைத்தால் 25,000, 25,000-க்கு முன்னால் '1,' வைத்தால் 1,25,000. இரண்டும் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். அதனால் முதல் எண் அச்சிட்ட ₹ குறியை ஒட்டியே தொடங்க வேண்டும். அழகுக்காகக் கட்டத்தின் நடுவில் எழுதுவதுதான் செக்கில் நான் பார்க்கும் பழக்கங்களில் ஆகக் கெட்டது. ₹ ஏற்கெனவே அச்சாகி இருக்கும்போது 'ரூ.' அல்லது ௹ மறுபடி போடத் தேவையில்லை. போட்டால் தப்பில்லை, எண்ணோடு ஒட்டியிருந்தால் சரி.

7-க்குக் குறுக்குக்கோடு நல்ல பழக்கம். 1-ஐக் கொடியோடு எழுதுகிறவர் வீட்டில் அது அவசியமும்கூட, குறுக்குக்கோடு இல்லாவிட்டால் 1-ம் 7-ம் படத்தில் ஒன்றாகிவிடும். கொடியில்லாத 1 மட்டும் தனியாக நின்றால் அதை 4, 7, 9 என எதுவாகவும் ஆக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். மேலே திறந்த 4 எளிதாக 9 ஆகும். 3-ஐ 8 ஆக்க இரண்டு வளைவு போதும். இதற்கு நேர்மாறாக, பூஜ்யத்துக்குள் சாய்கோடு போடுவது, கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர்களிடம் அதிகம், வேண்டாம். கருப்பு வெள்ளைப் படத்தில் அது 8. தொகைக்கு அடியில் இரட்டைக்கோடு போடுவது வெறும் அலங்காரம். எண்ணின் காலைத் தொட்டுவிட்டால் 1 எல்லாம் 2 மாதிரி ஆகிவிடும்.

இனி எழுத்துவரி. 'மட்டும்' என்பதும் பின்னால் இழுக்கும் கோடும் பூட்டுகள்தான். நெளிகோடா நேர்கோடா என்பது அவரவர் ரசனை. பலர் மறப்பது இரண்டாவது வரியை. தொகை முதல் வரியிலேயே முடிந்துவிட்டாலும் இரண்டாவது வரியின் காலி இடத்திலும் கோடு போட வேண்டும்.

தமிழில் எழுதுவதால் உங்கள் மாமனாருக்கு ஒரு லாபம் இருக்கிறது, அவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஆங்கிலத்தில் 'சிக்ஸ்' என்ற சொல்லின் வாலில் இரண்டு எழுத்து ஒட்டினால் 'சிக்ஸ்டி', 'எய்ட்' வாலில் ஒரே ஓர் எழுத்து ஒட்டினால் 'எய்ட்டி'. சொற்களுக்கிடையே தாராளமாக இடம் விட்டு எழுதினால் ஆறாயிரம் அறுபதாயிரமாகிவிடும். தமிழில் ஆறு அறுபதாக வேண்டுமானால் தலையெழுத்தே குறுக வேண்டும்: ஆ, அ ஆக வேண்டும். ஏழு எழுபதாக ஏ-யின் கால் போக வேண்டும். எட்டு எண்பதாவதற்கு நடு எழுத்தே மாற வேண்டும். எழுதிய மையைச் சேர்க்கலாம், கழிப்பது கடினம். முன்னால் ஒட்டுவதும் ஓரளவு கடினம்: 'ஆறாயிரம்' முன்னால் 'பதின்' சேர்த்தால் 'பதின்ஆறாயிரம்' என்று சந்தி உடைந்து பல்லிளிக்கும். ஐயாயிரத்தைப் பதினைந்தாயிரம் ஆக்கவே முடியாது.

ஆனால் இந்தப் பாதுகாப்பு சேர்த்து எழுதினால்தான். 'ஐந்து ஆயிரம்' என்று பிரித்து எழுதுகிறவர் அதைத் தானே கழற்றிவைக்கிறார். அதோடு 'இருபத்து', 'ஒரு லட்சத்து' போன்றவை எந்தத் தொகைக்கு முன்னாலும் இயல்பாகவே உட்காரும்: 'இருபத்து நான்காயிரம்', 'ஒரு லட்சத்து ஆறாயிரம்'. எனவே 'ரூபாய்' என்று அச்சான சொல்லை ஒட்டி, இடமே விடாமல் தொடங்க வேண்டும். வெறும் 'ஆயிரம்', 'லட்சம்', 'நூறு' என்று தொடங்கவே கூடாது. 'ஓராயிரம்', 'ஒரு லட்சம்', 'ஒரு நூறு' என்று எழுதினால் இலக்கணம் பார்ப்பவர் முகம் சுளித்தாலும் பணம் பத்திரம். 'நூறு' முன்னால் இரண்டெழுத்து இடம் இருந்தால் அது முந்நூறு ஆகிவிடும்.

மொய் செக்கில் இன்னொரு வழுக்கல் உண்டு. 1,001, 10,001, 1,00,001 என்று ஒற்றை ரூபாய் சேர்த்துக் கொடுக்கும் வழக்கத்தில், எண்ணில் 1 சேர்ந்துவிடும், எழுத்தில் கை தானாக 'பத்தாயிரம் மட்டும்' என்று முடித்துவிடும். பூஜ்யங்களின் எண்ணிக்கையும் இங்கேதான் தவறும், காற்புள்ளி இல்லாமல் 100001 என்று எழுதினால் அது லட்சமா பத்தாயிரமா என்று எழுதியவரே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்போது திரும்பி வந்த செக். தொண்ணூறு 90, தொள்ளாயிரம் 900, ஒன்பதாயிரம் 9,000. தமிழ் எண்பெயர்களிலேயே குழப்பமான மூலை இது. தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்' ஒலிக்கிறது, ஆனால் அது நூறுகளின் கணக்கு. ஒன்பது நூறு என்று சொல்லும் வழக்கம் இல்லை. அவர் 900-ஐ நினைத்துத் தொண்ணூறு எழுதியிருக்கிறார். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 18 என்ன சொல்கிறது என்றால், எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும். அப்படிப் பார்த்தால் 10,090 கொடுத்திருக்க வேண்டும். நடைமுறையில் எந்த வங்கியும் அந்தப் பொறுப்பை ஏற்காது. 'எண்ணும் எழுத்தும் வேறுபடுகின்றன' என்ற காரணத்தோடு திருப்பிவிடும். சட்டம் வழக்கு நடக்கும் இடத்தில் உதவும், கிளியரிங்கில் உதவாது.

தமிழில் எழுதலாமா என்றால், தாராளமாக. செக் தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சாகி இருந்தாலும், இந்தி, ஆங்கிலம், அந்தந்த மாநில மொழி எதிலும் எழுதலாம் என்பது ரிசர்வ் வங்கியின் நிலை. ஒரு நடைமுறைச் சிக்கல் மட்டும் சொல்லிவிடுகிறேன்: பல வங்கிகளில் படத்தைப் பார்ப்பவர் உங்கள் கிளையில் இல்லை, எங்கோ ஒரு மையத்தில் உட்கார்ந்திருக்கிறார். அதனால் தொகை எழுத்தில் தமிழ் இருக்கும்போது எண் கட்டம் அப்பழுக்கின்றி இருக்க வேண்டும். எண்ணுக்குத் தமிழ் இலக்கங்கள் வேண்டாம். ௧, ௨, ௭, ௮ எல்லாம் க, உ, எ, அ போலவே இருப்பவை, படம் பார்ப்பவருக்கு அவை எண் என்றே தோன்றாது. இதே காரணத்துக்காகப் பிள்ளையார் சுழியும் ஓரமாகவே இருக்கட்டும். உச்சியில் காலி இடத்தில் சின்னதாக இருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. தேதிக் கட்டத்துக்குள் நுழைந்தால் அது 2. செக்புக் வந்ததும் மஞ்சள் குங்குமம் வைக்கிறவர்கள் மேலட்டையில் வைத்தால் போதும். தாளின் அடிப்பகுதியில் உள்ள எம்ஐசிஆர் பட்டை, செக் எண், ஒன்பது இலக்கக் குறியீடு முதலியன இருக்கும் வெள்ளைப் பகுதி, அதில் பொட்டு, கையெழுத்தின் வால், ஸ்டேப்ளர் பின் எதுவும் படக்கூடாது.

தேதிக்கு வருவோம். எட்டுக் கட்டம்: நாள் இரண்டு, மாதம் இரண்டு, வருடம் நான்கு. கட்டம் வந்தபின் சாய்கோடு, புள்ளி, ரோமன் எண்ணில் மாதம் எல்லாம் இடமில்லாமல் போனது நல்லதே. '5/1/26' என்று எழுதிய காலத்தில் சாய்கோடு இன்னொரு 1 ஆகிவிடும் தொல்லை இருந்தது. ஒற்றை இலக்க நாளுக்கும் மாதத்துக்கும் முன்னால் 0 கட்டாயம். காலியாக விட்ட கட்டத்தில் யாராவது 1 போட்டால் 5-ஆம் தேதி 15 ஆகும்.

அமெரிக்காவில் இருந்து வந்தவர்கள் மாதத்தை முதலில் எழுதுவது தனிக் கதை. ஜூன் 25-ஐ 06252026 என்று எழுதினால் மாதம் 25, உடனே திரும்பும். ஜூன் 10-ஐ 06102026 என்று எழுதினால் அது அக்டோபர் 6, பின்தேதியிட்ட செக் என்று திரும்பும். மே 3-ஐ 05032026 என்று எழுதினால்தான் விஷமம். அது மார்ச் 5 ஆகி, செல்லும் காலத்தில் இரண்டு மாதத்தைச் சத்தமில்லாமல் தின்றுவிடும். செக்கின் ஆயுள் 2012 ஏப்ரல் 1 முதல் மூன்று மாதம்தான், அதற்கு முன்பு ஆறு. ஜனவரியில் பழைய வருடத்தையே எழுதுவது எல்லாருக்கும் வரும் கைப்பழக்கம். 2026 ஜனவரி 5-ல் 05012025 என்று எழுதினால் செக் பிறக்கும்போதே ஒரு வயது, காலாவதி.

நல்ல நாள் பார்ப்பதும் இங்கேதான் கணக்கில் வருகிறது. அஷ்டமி, நவமி, கரிநாள் தவிர்த்து, வளர்பிறையில் ஒரு தேதி போடுவது அவர் உரிமை. முந்தைய தேதி போட்டால் மூன்று மாதம் அங்கிருந்தே ஓடத் தொடங்கும். பிந்தைய தேதி போட்டால் அதுவரை போட முடியாது. வாங்குகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை.

தமிழ் மாதத்தில் தேதி மட்டும் வேண்டவே வேண்டாம். இதில் ஒரு சுவாரசியமான குழப்பம் இருக்கிறது. தேசிய நாட்காட்டியான சக ஆண்டுப்படி இந்தியில் தேதியிட்ட செக் செல்லும், வங்கி ஏற்க வேண்டும் என்று விதி உண்டு. இதைக் கேள்விப்பட்டு 'அப்போது சித்திரையும் செல்லும்தானே' என்பார்கள். சக ஆண்டின் சைத்ரம் 1 மார்ச் 22-ல் வருகிறது, லீப் வருடத்தில் மார்ச் 21. நம் சித்திரை 1 ஏப்ரல் 14. பெயர் ஒன்று, இடையில் மூன்று வாரம். திருவள்ளுவர் ஆண்டு போட்டால் இன்னும் வேடிக்கை: 2026-க்கு 2057, முப்பத்தொரு வருடம் காத்திருக்க வேண்டிய செக்.

தேதியே போடாமல் கொடுப்பது பழக்கம் என்றால் அதை மட்டும் உறுதியாக நிறுத்தச் சொல்லுங்கள். கையெழுத்திட்டுக் கொடுத்த தாளில் விட்ட இடத்தை வாங்கியவர் நிரப்பிக்கொள்ள அதே மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பிரிவு 20 இடம் தருகிறது. விருப்பப்பட்டுக் கொடுத்த வெற்றுச் செக்கை வேறொருவர் நிரப்பினார் என்பதற்காகவே பொறுப்பு போய்விடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 'அது என் கையெழுத்தில்லை, ஒப்பம் மட்டும்தான் என்னுடையது' என்ற வாதத்தை நம்பி இருக்க வேண்டாம்.

திருத்தம் என்ற பழைய பழக்கம் ஒன்று: அடித்து எழுதிப் பக்கத்தில் சின்னதாக ஒப்பம் வைப்பது. சிடிஎஸ் கிளியரிங்கில் பெயர், எண், எழுத்து எதையும் திருத்தக் கூடாது, புது லீஃப்தான். தேதிக்கு மட்டும் விலக்கு உண்டு. காலாவதியான செக்கைக் கொடுத்தவரே புதுத் தேதி போட்டு முழுக் கையெழுத்து இட்டுப் புதுப்பிக்கலாம். வாங்கியவர் தானாகத் தேதியைத் திருத்தினால் பிரிவு 87-ன்படி செக்கே செல்லாது. திருத்தியது கண்ணுக்குத் தெரியாத அளவு நேர்த்தியாக இருந்து வங்கி முறைப்படி பணம் கொடுத்துவிட்டால், பிரிவு 89 வங்கியைக் காக்கும், உங்களை அல்ல. இடது ஓரத்தில் இடம் விடாதீர்கள் என்று இத்தனை தடவை சொல்வது அதனால்தான்.

பேனா பற்றி ஒரு வதந்தி அவ்வப்போது வாட்ஸப்பில் சுற்றும்: கருப்பு மை செல்லாது என்று. ரிசர்வ் வங்கி அப்படி எந்த நிறத்தையும் தடைசெய்யவில்லை. 2025 ஜனவரியில் மத்திய அரசின் தகவல் சரிபார்ப்புப் பிரிவும் இதைப் பொய் என்று மறுத்தது. படத்தில் அழுத்தமாக விழும் கருநீலமோ கருப்போ போதும். கூடாதது, சூடு பட்டால் மறையும் ஜெல் பேனா. தேய்த்து அழிக்கலாம் என்று பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பார்கள். ஏறத்தாழ 60 டிகிரியில் மை மறைந்துவிடும், வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டே ஆபத்தான இடம். தொகையின் மேல் செலோடேப் ஒட்டுவதும் ஒரு காலத்தில் புத்திசாலித்தனம். இப்போது அது ஸ்கேனரில் பளபளக்கும், சிக்கும்.

பைசா எழுதுவது பற்றிக் கேட்கவில்லை என்றாலும் மாமனார் எழுதுவார் என்று நினைக்கிறேன். பைசா உள்ள செக்கை வங்கி மறுக்கக் கூடாது என்றே விதி. '1,247.50' என்றால் புள்ளியை அழுத்தி வைத்து, எழுத்தில் 'ஓராயிரத்து இருநூற்று நாற்பத்தேழு ரூபாய் ஐம்பது பைசா மட்டும்'.

திரும்பிய செக்குக்கு இப்போது செய்ய வேண்டியது: பழைய லீஃபைத் திருத்தாமல் திரும்ப வாங்கி, குறுக்கே இரண்டு கோடிட்டு 'ரத்து' என்று எழுதி, கையெழுத்தையும் எம்ஐசிஆர் பட்டையையும் கிழித்துவிடுங்கள். புது லீஃபில் அன்றைய தேதி, ₹ குறியை ஒட்டி 10,900/-, 'ரூபாய்' சொல்லை ஒட்டி 'பத்தாயிரத்துத் தொள்ளாயிரம் மட்டும்', பின்னால் அவருடைய அதே பாம்புக்கோடு, இரண்டாவது வரியிலும். தொகை 50,000-மோ அதற்கு மேலோ உள்ள செக்குகளுக்குப் பாசிட்டிவ் பே-யில் (செக் விவரத்தை வங்கிக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் வசதி) செக் எண், தேதி, பெயர், தொகை ஆகியவற்றைப் பதிவு செய்யும்போது, நீங்கள் செல்போனில் தட்டும் தேதியும் அவர் நல்ல நாள் பார்த்து எழுதிய தேதியும் ஒன்றுதானா என்று லீஃபைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். ஐந்து லட்சமும் அதற்கு மேலும் என்றால் சில வங்கிகள் அந்தப் பதிவு இல்லாமல் செக்கைத் தொடுவதே இல்லை.